வீட்டில் ஒருவர் திடீரென்று படுத்துவிட்டால்: பணம், கையெழுத்து, பராமரிப்பு – எதை முதலில் செய்வது

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது எங்கள் வீட்டில் பணம் இல்லாமல் இல்லை. அவர் பெயரில் எஃப்டி இருந்தது, மாதம் பிறந்தால் பென்ஷன் வந்து விழுந்தது. ஆனால் ஒரே காலையில் வலது கையும் பேச்சும் போய்விட்டதால் அதில் ஒரு ரூபாயைக்கூட எங்களால் தொட முடியவில்லை. பத்தொன்பது நாள் சித்தப்பாவிடமும் மாமாவிடமும் கைமாற்று வாங்கித்தான் ஓட்டினோம்.

இறந்துபோனவர் பணத்தை எடுக்க வழி இருக்கிறது. இறப்புச் சான்றிதழ், நாமினி, வாரிசுச் சான்றிதழ் என்று அலைந்தால் ஒருநாள் கைக்கு வந்துவிடும். உயிரோடு இருக்கிறார், கையெழுத்துப் போட முடியவில்லை என்றால்தான் எல்லாரும் கையை விரிப்பார்கள்.

அதற்குப் பிறகு சொந்தத்திலும் அலுவலகத்திலும் ஏழெட்டுக் குடும்பங்களுக்கு உட்கார்ந்து இதை ஒழுங்குபடுத்திக் கொடுத்திருக்கிறேன். எல்லாரும் செய்யும் தப்பு ஒன்றுதான்: முதலில் இன்சூரன்ஸ் ஏஜெண்டைக் கூப்பிடுவார்கள். கூப்பிட வேண்டியதுதான், ஆனால் அது ஐந்தாவது வேலை. கீழே இருக்கும் வரிசையிலேயே போங்கள். தமிழ்நாட்டில் இருக்கும் ஒரு சாதாரணக் குடும்பத்தை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

1. ஒரு நோட்டு போடுங்கள்

காகித நோட்டுதான் வேண்டும். போனில் எழுதி வைத்தால் போன் பூட்டியிருக்கும்போது எதுவும் தெரியாது, பிரச்சினையே அதுதான்.

இந்தப் பேச்சை எடுத்தாலே பெரியவர்கள் "நல்ல நாளும் அதுவுமா ஏன்டா அபசகுனமா பேசுற" என்பார்கள். அப்பாவின் விவரத்தைக் கேட்டு ஆரம்பிக்காதீர்கள். உங்கள் விவரத்தை முதல் பக்கத்தில் நீங்களே எழுதி, "எனக்கு ஏதாவது ஆனா இதைப் பாருங்க" என்று நீட்டுங்கள். பெரும்பாலும் மறுநாளே அவர்களே பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள்.

வங்கிக் கணக்கு, எஃப்டி, பாலிசி, பிஎஃப் எண் எல்லாம் யாருக்கும் மறக்காது. மறப்பது வேறு: கைமாற்று கொடுத்தது, வாங்கியது, சீட்டு கட்டுவது, அடகு வைத்த நகை. எங்கள் வீட்டு அடகு ரசீது பூஜை அறையில் பழைய பஞ்சாங்கத்துக்குள் இருந்தது. ஏல நோட்டீஸ் வந்த பிறகுதான் அம்மாவின் இரட்டை வடம் அடகில் இருப்பதே எங்களுக்குத் தெரியும்.

ஆளுக்கு ஒரு மருத்துவப் பக்கம் விடுங்கள். சாப்பிடும் மாத்திரைகள், ஒவ்வாத மருந்து, செய்த ஆபரேஷன், பார்க்கும் டாக்டர். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அதைச் சிவப்பு மையில் எழுதுங்கள். பக்கவாதத்துக்கு ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாமா வேண்டாமா என்று டாக்டர் முடிவெடுக்க முதலில் கேட்பது அதைத்தான்.

பின் நம்பர், பாஸ்வேர்டு இந்த நோட்டில் வேண்டாம். நோட்டு எங்கே இருக்கிறது என்பது வீட்டில் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

2. பணத்தின் பூட்டைத் திறந்து வையுங்கள்

இதுதான் செலவே இல்லாத வேலை, இதைத்தான் எல்லாரும் தள்ளிப்போடுகிறார்கள். பென்ஷனோ சம்பளமோ வந்து விழும் கணக்கில் கணவன் மனைவி இருவர் பெயரும் இருக்கட்டும். இயக்கும் முறை "இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்" என்று இருக்கிறதா என்று பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். ஜாயிண்ட் அக்கவுண்ட் என்று பெயர் இருந்து, "இருவரும் சேர்ந்து" என்று போட்டிருந்தால் பிரயோஜனமே இல்லை.

எஃப்டியில் ஒரு சூட்சுமம் உண்டு. இருவரில் ஒருவர் என்று போட்டிருந்தாலும் முதிர்வுக்கு முன்னால் உடைக்க வங்கி பொதுவாக இரண்டு கையெழுத்தும் கேட்கும். ஒருவரே உடைக்கலாம் என்று முன்கூட்டியே இருவரும் எழுதிக் கொடுத்திருந்தால் மட்டும்தான் தப்பிக்கலாம். டெபாசிட் போடும் அன்றே கேட்டு அந்த ஒப்புதலைக் கொடுத்துவிடுங்கள். லாக்கரும் அப்படித்தான், ஒற்றைப் பெயரில் இருந்தால் அவசரத்துக்குத் திறக்காது.

"நாமினி போட்டிருக்கேனே" என்பார்கள். நாமினி என்பது இறந்த பிறகுதான். 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம் என்று வந்திருக்கிறது, நல்லதுதான், ஆனால் ஆள் படுக்கையில் இருக்கும்வரை அந்த நான்கு பேராலும் ஒன்றும் செய்ய முடியாது.

"ஏடிஎம் பின் நம்பர் எனக்குத் தெரியும்" என்பது அடுத்த சமாதானம். வங்கி விதிப்படி அது தப்பு, அதைவிட, அது நீடிக்காது. அப்பாவின் சிம் பிரீபெய்டு. ஆஸ்பத்திரியில் இருந்த மூன்றாவது வாரத்தில் ரீசார்ஜ் முடிந்து, ஓடிபி வருவது நின்று, போன் ரிப்பேர் என்று நினைத்துக் கடைக்குக் கொண்டுபோனோம்! வீட்டுப் பெரியவர்களின் சிம்முக்கு ஒரு வருட ரீசார்ஜ் போட்டுவிடுங்கள்.

3. பவர் பத்திரத்தை நம்பி உட்காராதீர்கள்

"என் மகனுக்குப் பவர் எழுதிக் கொடுத்துவிட்டேன், எனக்கு ஒன்று ஆனால் அவன் பார்த்துக்கொள்வான்." இதை வக்கீல் குமாஸ்தாக்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆவது பிரிவைப் பாருங்கள்: எழுதிக் கொடுத்தவர் சித்தசுவாதீனம் இழந்தால் பவர் முடிந்தது. எப்போது தேவையோ அப்போதுதான் அது செல்லாமல் போகும். நினைவு தப்பினாலும் செல்லும் பவர் என்று வெளிநாடுகளில் ஒன்று உண்டு, நம் சட்டத்தில் அது இல்லை. உடம்பு முடியாமல் நினைவு தெளிவாக இருப்பவருக்குப் பவர் உதவும், அவ்வளவுதான்.

கோமாவில் இருப்பவரின் சொத்தை விற்கவோ கணக்கை இயக்கவோ வேண்டுமானால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டுக் காப்பாளராக நியமிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். 2019-இல் கேரள உயர் நீதிமன்றம் இதற்கு நெறிமுறை வகுத்தது. 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் கோமாவில் இருந்த ஒருவரின் மனைவியைக் காப்பாளராக்கி, சொத்தை விற்க அனுமதி கொடுத்து, அதில் 50 லட்சத்தைக் கணவர் பெயரிலேயே டெபாசிட் போடச் சொன்னது. வழி இருக்கிறது, ஆனால் ஐசியு பில் கட்ட உதவும் வேகத்தில் இல்லை. ஆகவே 2-ஆவது வேலையை ஒழுங்காக முடியுங்கள். உயிலையும் தெளிவாக இருக்கும்போதே எழுதிவிடுங்கள்.

ஏற்கெனவே படுத்துவிட்டார், கணக்கு ஒற்றைப் பெயர், நினைவு இருக்கிறது, கை வரவில்லை என்றால் இன்னொரு வழி உண்டு, எங்களுக்கு யாரும் சொல்லாதது. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, கைரேகையோ கால் விரல் ரேகையோ வைத்துப் பணம் எடுக்கலாம். வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் வேண்டும், அதில் ஒருவர் வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். ரேகையும் வைக்க முடியாதவர் ஓர் அடையாளக் குறி போட்டாலும் இதே மாதிரிச் சாட்சியோடு ஏற்பார்கள். யார் பணத்தை வாங்கிக்கொள்வது என்பதையும் அப்போதே சொல்ல வேண்டும். எங்கள் கிளையில் கவுண்டரில் இருந்தவர் "அவரைக் கூட்டிட்டு வாங்க" என்று மூன்று முறை திருப்பி அனுப்பினார். நான்காவது முறை மேலாளரிடம் எழுத்தில் கொடுத்தோம். இரண்டாம் நாள் ஓர் அதிகாரி வீட்டுக்கே வந்து, அப்பாவின் இடது கட்டைவிரலைப் பிடித்து ரேகை எடுத்துக்கொண்டு போனார். வாயால் கேட்காதீர்கள், எழுதிக் கொடுத்து நகலில் சீல் வாங்குங்கள்.

4. ரொக்கம்

ஆறு மாதச் செலவு கையில் இருக்க வேண்டும் என்பார்கள். அது சேர வருஷக்கணக்காகும். முதல் இலக்காக ஆஸ்பத்திரி அட்வான்ஸுக்கு ஆகும் பணத்தை வையுங்கள், உங்கள் ஊரில் ஒரு நடுத்தர ஆஸ்பத்திரியில் ஐசியு சேர்க்கைக்கு எவ்வளவு கேட்கிறார்கள் என்று விசாரித்தாலே தெரிந்துவிடும். அதைக் கூட்டுக் கணக்கில் தனியாகப் போடுங்கள். கேஷ்லெஸ் பாலிசி (பில்லை இன்சூரன்ஸ் கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேராகக் கட்டும் வகை) இருந்தாலும் அனுமதி வரும்வரை பல இடங்களில் முன்பணம் கேட்பார்கள்.

போதவில்லை என்றால் முதலில் வங்கி நகைக்கடன், அதற்குப் பிறகுதான் மற்றது. கிரெடிட் கார்டும் கந்துவட்டியும் ஆள் எழுந்து நடந்த பிறகும் உங்களைப் படுக்கப்போட்டுவிடும்.

5. இப்போது இன்சூரன்ஸ்

முதலில் அரசுத் திட்டம். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை எடுத்துவிடுங்கள், குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று வேண்டும். விவரத்துக்கு 1800 425 3993. ஆளை ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டு வருமானச் சான்றுக்கு விஏஓ அலுவலகத்தில் நிற்பது கொடுமை, அட்டையை இப்போதே எடுங்கள்.

தனியார் பாலிசி எடுக்கிறவர்கள் பிரீமியத்தைத்தான் பார்க்கிறார்கள். அறை வாடகை வரம்பைப் பாருங்கள். 3 லட்சம் பாலிசியில் அறைக்கு ஒரு சதவீதம் என்று போட்டிருந்தால் ஒரு நாளைக்கு 3,000. நீங்கள் 6,000 ரூபாய் அறையில் சேர்த்தால், மீதி 3,000-ஐ மட்டும் கைக்காசு போட்டால் போதும் என்று நினைப்பீர்கள். அப்படியில்லை. டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர் என்று அறையோடு சேர்ந்து ஏறும் கட்டணங்களிலும் பாதியைத்தான் தருவார்கள். முடிந்தால் வரம்பு இல்லாத பாலிசி, முடியாவிட்டால் வரம்புக்குள் இருக்கும் அறை.

சுகர், பிரஷரை மறைக்காதீர்கள். "சொன்னா பிரீமியம் ஏறும், விடுங்க" என்று ஏஜெண்ட் சொல்லுவார், கிளைம் நிராகரிக்கப்படும்போது அவர் போனை எடுக்க மாட்டார். ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு அதிகபட்சம் 36 மாதம்தான் காத்திருக்க வேண்டும். தொடர்ந்து 60 மாதம் பிரீமியம் கட்டிவிட்டால், மோசடி என்று நிரூபித்தால் தவிர, பழைய நோயைச் சொல்லவில்லை என்று மறுக்க முடியாது. அதனால் ஒரு வருடம்கூட விட்டுவிடாதீர்கள்.

விபத்துக்கு வங்கி வழியாக எடுக்கும் பிரதமர் சுரக்ஷா பீமா திட்டம் வருடம் 20 ரூபாய், 18 முதல் 70 வயதுவரை. இறப்புக்கும் முழு ஊனத்துக்கும் 2 லட்சம், ஒரு கையோ காலோ ஒரு கண்ணோ முழுதாய்ப் போனால் 1 லட்சம். விபத்துக்கு மட்டும்தான். பக்கவாதத்துக்கு இதில் கேட்டு மாதக்கணக்கில் அலைந்த ஒருவரை எனக்குத் தெரியும்.

6. சம்பாதிப்பவரே படுத்துவிட்டால்

இதில் ஒன்றைக் கொட்டை எழுத்தில் எழுதி வையுங்கள்: பதற்றத்தில் ராஜினாமாவோ விருப்ப ஓய்வோ எழுதிக் கொடுக்காதீர்கள். அரசு வேலை என்றால், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 20-ஆவது பிரிவு, பணியில் இருக்கும்போது ஊனம் ஏற்பட்டவரை வேலையை விட்டு எடுக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது. அந்த வேலை முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை, அதுவும் இல்லாவிட்டால் கூடுதல் பணியிடம். தனியார் வேலைக்கு இந்தக் காப்பு இல்லை, ஆனால் அங்கும் லீவு, கம்பெனியின் குழுக் காப்பீடு எல்லாம் தீர்ந்த பிறகு பேசலாம், முதல் வாரத்திலேயே வேண்டாம்.

இஎஸ்ஐயில் (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருப்பவருக்கு நோய்க்கால உதவி வருடத்தில் 91 நாள் வரை, சம்பளத்தில் 70 சதவீதம். பக்கவாதம் மாதிரி நீண்டகால நோய்கள் சிலவற்றுக்கு 80 சதவீதம் வீதம் இரண்டு வருடம் வரை நீட்டிப்பார்கள், அதற்குப் போதிய காலம் சந்தா கட்டியிருக்க வேண்டும். பிஎஃப் சந்தாதாரர் நிரந்தரமாக, முழுதாக வேலை செய்ய முடியாமல் போனால் பத்து வருட சர்வீஸ் இல்லாமலும் ஊனமுற்றோர் பென்ஷன் கேட்கலாம்.

7. யார் பார்த்துக்கொள்வது?

இதைப் பேசாமல் விட்டால் என்ன நடக்கும் என்று நம் எல்லாருக்கும் தெரியும். வீட்டில் இருக்கும் பெண் பார்த்துக்கொள்வாள், அவள் வேலையை விடுவாள், வெளியூரில் இருப்பவர் மாதம் ஐயாயிரம் அனுப்பிவிட்டு "செலவெல்லாம் நான்தான்" என்பார், ஒரு வருடத்தில் அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை இருக்காது.

நோட்டில் ஒரு பக்கத்தை மூன்றாகப் பிரியுங்கள்: காலை, மதியம், ராத்திரி. ஒவ்வொன்றிலும் பெயர் எழுதுங்கள். பகலுக்கு எல்லாரும் கை தூக்குவார்கள். "ராத்திரிக்கு யாரு?" என்று கேட்டதும் அறை அமைதியாகிவிடும். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் அது ஆள் வைக்க வேண்டிய செலவு, உங்கள் ஊர் விலையை விசாரித்து ரூபாயாக எழுதுங்கள். ஏஜென்சி மூலம் ஆள் வைத்தால் ஆதார் நகல் வாங்கி வையுங்கள், ஆள் வராத நாளுக்கு மாற்று ஆள் யார் என்பதையும் முதல் நாளே கேளுங்கள்.

வேலையை விட்டவரின் வருமானத்தையும் செலவுக் கணக்கில் எழுதுங்கள். எங்கள் அண்ணி தையல் ஆர்டரை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தார். மாதம் ஒன்பதாயிரம். எட்டாவது மாதம் அவர் ஒருநாள் தையல் மிஷினை விற்றுவிடலாமா என்று சாதாரணமாகக் கேட்டபோதுதான் எங்களுக்கு உறைத்தது. அந்த மாதத்திலிருந்து அப்பாவின் பென்ஷனில் முதல் ஒன்பதாயிரம் அண்ணி கணக்குக்குப் போனது, மீதியில்தான் மருந்து.

செலவை எழுத ஒரு வாட்ஸ்அப் குழு போதும். பில்லைப் படம் எடுத்துப் போடுங்கள், அதில் வேறு பேச்சு வேண்டாம்.

8. அந்த நாள் வந்தால்

காலை ஆறரைக்கு அப்பா கையிலிருந்து காபி டம்ளர் நழுவியது. வாய் கொஞ்சம் கோணியது. வாயுப் பிடிப்பு என்று சோடா வாங்கிக் கொடுத்தோம், தெருமுனை கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம், அங்கிருந்த டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார், அங்கே ஸ்கேன் மெஷின் பழுது. சரியான இடத்தில் சேர்க்கும்போது மணி பன்னிரண்டரை.

கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். முகம் கோணுதல், கை தொங்குதல், பேச்சுக் குழறுதல், இதில் ஒன்று திடீரென்று வந்தாலே 108. வாயில் எதையும் கொடுக்காதீர்கள், விழுங்கும் சக்தி போயிருந்தால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள், டாக்டர் கணக்கை அங்கிருந்துதான் ஆரம்பிப்பார். இருபத்து நான்கு மணி நேரமும் சிடி ஸ்கேனும் நரம்பியல் டாக்டரும் இருக்கும் பக்கத்து ஆஸ்பத்திரி எது என்பதை இன்றே விசாரித்து நோட்டின் அட்டையில் எழுதுங்கள்.

சாலை விபத்து என்றால் முதல் 48 மணி நேரச் சிகிச்சை 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் இலவசம், திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலும்.

சேர்த்ததும் ஒருவர் நோயாளியோடு, ஒருவர் இன்சூரன்ஸ் மேசையில். அவசரச் சேர்க்கைக்கு 24 மணி நேரத்துக்குள் கம்பெனிக்குத் தகவல் போக வேண்டும் என்று பாலிசிகளில் போட்டிருப்பார்கள். கேஷ்லெஸ் அனுமதிக்கு ஒரு மணி நேரம், டிஸ்சார்ஜ் அனுமதிக்கு மூன்று மணி நேரம் என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024-இல் வரையறுத்திருக்கிறது, இழுத்தடித்தால் அதைச் சொல்லிக் கேளுங்கள்.

9. டிஸ்சார்ஜுக்கு முன்னால்

வீட்டுக்குப் போகலாம் என்றதும் சந்தோஷத்தில் கிளம்பிவிடாதீர்கள். இரண்டு நாள் முன்பே நர்ஸ் அம்மாவிடம் கேட்டு, நீங்களே உங்கள் கையால் செய்து பாருங்கள்: புரட்டிப் படுக்கவைப்பது, மூக்குக் குழாயில் ஊட்டுவது, டயப்பர் மாற்றுவது. பார்த்தால் சுலபம், தனியாகச் செய்யும்போது கை நடுங்கும். குழாயில் ஊட்டும்போது தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும், ஊட்டிய பிறகும் அரை மணி நேரம் படுக்க வைக்கக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டாவிட்டால் படுக்கைப் புண் வரும், வந்துவிட்டால் ஆற மாதக்கணக்கு. காற்று மெத்தை போட்டிருந்தாலும் புரட்டத்தான் வேண்டும்.

கட்டில், வீல்சேர் முதலில் வாடகைக்கு எடுங்கள். மூன்று மாதத்தில் நிலைமை மாறும், வாங்கியது மூலையில் கிடக்கும். வீல்சேர் எடுக்கும் முன் பாத்ரூம் கதவின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள்.

டயப்பர், கையுறை, அட்டெண்டர் சம்பளம் பெரும்பாலான பாலிசியில் வராது. டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய மருந்தும் பரிசோதனையும் பாலிசியில் சொன்ன நாள்வரை, பல பாலிசிகளில் 60 நாள், வரும். டாக்டர் சீட்டு, பில் இரண்டையும் சேர்த்துக் குத்தி வையுங்கள். பிசியோவுக்கு ஆள் கிடைக்கவில்லை என்றால் உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' பற்றிக் கேளுங்கள், வீட்டுக்கே வருவார்கள்.

10. அட்டை, உதவித்தொகை, வரி

ஊனம் நிலைத்துவிட்டது என்று தெரிந்ததும் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். பக்கவாதத்துக்கு உடனே மதிப்பிட மாட்டார்கள், சில மாதம் சிகிச்சை முடியட்டும் என்பார்கள், அதனால் ஸ்கேன் படத்தையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் தூக்கிப் போடாதீர்கள். ஊனம் 40 சதவீதமோ அதற்கு மேலோ என்றால்தான் பெரும்பாலான சலுகைகள். கடும் பாதிப்புள்ளவர்களுக்கு மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகை உண்டு, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

பழைய வருமான வரிமுறையில் இருப்பவர், தன்னைச் சார்ந்திருக்கும் மாற்றுத்திறனாளிக்காக வருமானத்தில் 75,000, ஊனம் 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000 கழிக்கலாம். புதிய முறையில் இது கிடையாது.

11. நோட்டைப் புதுப்பிக்கும் நாள்

பிறந்தநாள், புத்தாண்டு என்று வைத்தால் நடக்காது. சுரக்ஷா பீமாவுக்கு மே கடைசியில் கணக்கிலிருந்து 20 ரூபாய் பிடித்ததாக எஸ்எம்எஸ் வரும். எங்கள் வீட்டில் அதுதான் அலாரம். அது வந்த வாரம் அம்மா நோட்டை எடுத்துக் கொடுப்பார், முதலில் மாத்திரைப் பக்கத்தைத்தான் திருத்துவோம், வருடத்தில் அதிகம் மாறியிருப்பது அதுதான். போன முறை அம்மாவே கடைசிப் பக்கத்தில் ஒரு வரி சேர்த்திருந்தார், எங்கள் யாருக்கும் தெரியாத ஒரு சீட்டு, மாதம் இரண்டாயிரம், பதினான்கு தவணை கட்டியாயிற்று.